ஸ்டீயரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்

பட்டறைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டீயரிங் புலம்பல்தான். ஆச்சரியமில்லை. தர்மபுரியில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மழை முடிந்து ரோட்டில் பள்ளம் விழுந்தால், அடுத்த மாதமே பழைய கார்கள் வரிசை கட்டிவிடும். எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: "அண்ணா, ஸ்டீயரிங் சரியில்ல." அந்த ஒரு வார்த்தைக்குள் நாலைந்து வியாதி ஒளிந்திருக்கிறது. எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

என்னுடையது 2003 மாடல் மாருதி 800. எழுபதைத் தாண்டினால் வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. திருத்திக்கொண்டேதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்தில் மூன்று முறை வீல் அலைன்மெண்ட் (சக்கரக் கோணம்) பார்த்தாயிற்று. ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழைய கதைதான்.
— வாசகர், காவேரிப்பட்டணம்

நான்காவது முறை அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். கால் ஆடுகிற கட்டிலின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்கிற வேலை அது. வண்டி நிற்கும்போது மெஷின் சரியாகத்தான் காட்டும். ஓடும்போது தேய்ந்த ஜாயிண்ட் தன் இஷ்டத்துக்குப் போகும். அலைன்மெண்ட் கடைசியில் செய்கிற வேலை. முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு ஆள் துணையும் ஒரு பழைய சாக்கும் போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜின் அணைந்திருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும், முன் சக்கரம் நேராக இருக்கட்டும். ஜாக்கி வேண்டாம், சக்கரங்கள் தரையில்தான் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவரை சீட்டில் உட்கார வைத்து, ஸ்டீயரிங்கைத் தொட்டில் ஆட்டுகிற மாதிரி இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். சக்கரத்தைத் திருப்பக் கூடாது, அது திரும்பத் தொடங்கும் வரைக்கும்தான். அந்தச் சும்மா போகிற தூரம் வளையத்தின் ஓரத்தில் ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் இந்த வண்டிக்குப் பரவாயில்லை. இரண்டு அங்குலம் போனால் கீழே ஏதோ தேய்ந்திருக்கிறது.

இப்போது சாக்கை விரித்து முன்பக்கம் படுங்கள். மேலிருந்து கீழாக வரிசையாகப் பாருங்கள். ஸ்டீயரிங் கம்பி ரேக்குக்குள் (சக்கரங்களை இடம் வலம் தள்ளுகிற பல் கம்பி) நுழைகிற இடத்து ஜாயிண்ட், ரேக்கை பாடியோடு பிடித்திருக்கிற கிளாம்பும் ரப்பரும், ரேக்கின் இரண்டு முனை, கடைசியில் டை ராடு கம்பி சக்கரத்தோடு சேருகிற முனை, அதாவது டை ராடு எண்டு. ஒவ்வொரு இடத்திலும் கட்டைவிரல் ஒரு பாகத்தில், ஆள்காட்டி விரல் அடுத்த பாகத்தில் இருக்கிற மாதிரி பிடியுங்கள். நல்ல ஜாயிண்ட் என்றால் இரண்டு விரலும் சேர்ந்தே போகும். தேய்ந்த ஜாயிண்டில் ஒரு விரல் முதலில் போகும், மற்றது ஒரு கணம் பிந்திப் போகும், நடுவில் ஒரு சின்ன 'டக்'. காதுக்குக் கேட்கும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். என் பட்டறைக்குப் புதிதாக வருகிற பையனுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்த டக்கைத்தான். ஸ்பேனர் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

இதில் எதுவும் சிக்கவில்லை என்றால் ஜாக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுங்கள். சக்கரத்தைக் கடிகாரம் மாதிரி நினைத்துக்கொண்டு, 9 மணியிலும் 3 மணியிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராடு, ரேக் பக்கம். 12 மணி, 6 மணியில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், இல்லையேல் சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கிற கை) சேர்க்கிற பால் ஜாயிண்ட். எது என்று சந்தேகமா? உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட்.

பொதுவாகப் பார்க்க வேண்டியது இவ்வளவு. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு வேறொரு இடத்தில்தான் சந்தேகம். 800-இல் முன்பக்கம் குறுக்கே ஒரு வளைந்த கம்பி போகும். ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் ஒரு வேலை. கீழ் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் இழுத்துப் பிடிப்பதும் இந்த வண்டியில் அதே கம்பிதான். அதன் முனைகளில் இருக்கிற ரப்பர் புஷ் இருபது வருஷத்தில் காய்ந்து, ஓட்டை பெரிதாகி, பிய்ந்து கிடக்கும். பிரேக் அடித்தால் சக்கரம் ஒரு நூல் பின்னால் போகும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் முன்னால் வரும். சக்கரத்தின் கோணமே ஓட ஓட மாறிக்கொண்டிருந்தால் எந்த மெஷின் என்ன செய்யும்? கீழ் ஆர்முக்கும் கம்பிக்கும் நடுவே டயர் லிவரைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஆர்ம் தாராளமாக நகர்ந்தால் விஷயம் அதுதான். பிரேக் பிடிக்கும்போது மூக்கு ஒரு பக்கம் லேசாகத் திரும்புகிறதா என்றும் கவனியுங்கள்.

புஷ் விலை பெரிதில்லை, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஆர்ம் புஷ்ஷும் மாற்றினால், அந்த போல்ட்டின் கடைசி முறுக்கை வண்டி தரையில் இறங்கி நின்ற பிறகுதான் கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். அவசரக்காரப் பையன்கள் இதைச் செய்வதில்லை, பக்கத்தில் நின்று கேளுங்கள். டை ராடு எண்டு மாற்றுவதாக இருந்தால், பழையது எத்தனை சுற்றில் கழன்று வந்தது என்று எண்ணிவைத்து, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றச் சொல்லுங்கள். சுமாராக நேரே வந்து நிற்கும். அதற்கு மேல் ஒரே ஒரு அலைன்மெண்ட், அவ்வளவுதான்.

நான் டிரையல் ஓட்டுவது சேலம் பக்கம் போகிற பைபாஸில். பாளையம் டோல்கேட்டுக்கு முன்னாலேயே திரும்பிவிடுவேன். ரிப்பேர் காசையும் டோல் காசையும் சேர்த்து யார் கொடுப்பது?

மாமாவிடமிருந்து வந்த பழைய மஹிந்திரா ஜீப். ஸ்டீயரிங் கால் சுற்று சும்மாவே திரும்புகிறது. ஸ்டீயரிங் பாக்ஸ் மேலே ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதை முறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். நானே முறுக்கலாமா அண்ணா?
— வாசகர், பென்னாகரம்

முறுக்காதீர்கள். நான் முறுக்கிப் பட்டவன்.

தொழில் கற்றுக்கொண்ட புதிதில் உங்கள் பக்கத்து ஜீப் ஒன்று வந்தது. இதே புகார். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றினேன். ஆட்டம் சட்டென்று போய்விட்டது. நிற்கிற வண்டியில் ஸ்டீயரிங் புது வண்டி மாதிரி இருந்தது. பெருமையாகக் காசு வாங்கினேன். மறுநாள் காலை அவரே வந்து நின்றார். "தம்பி, ஒகேனக்கல் இறக்கத்துல வளைவு திருப்பினேன். திருப்பின ஸ்டீயரிங் திரும்பி வரல. கையால இழுத்துத்தான் நேராக்கினேன்." அதைச் சொல்லும்போது அவர் திட்டியிருந்தால்கூட பரவாயில்லை. திட்டவில்லை.

என்ன நடந்தது என்றால், நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் பாக்ஸுக்குள் இருக்கிற பல்லின் நடுப்பகுதிதான் அதிகம் தேயும், ஓரங்கள் அப்படியே இருக்கும். நடுவில் ஆட்டம் போகிற அளவுக்கு இறுக்கினால், ஓரத்துக்குப் போகும்போது பல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இறுகின ஸ்டீயரிங்கும் வண்டியை அலைய வைக்கும், இது பலருக்குத் தெரிவதில்லை. தானாக நடுவுக்கு வராத ஸ்டீயரிங்கை நாம் கையால் கொண்டுவருகிறோம், கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது, மறுபடி இந்தப் பக்கம் திருத்துகிறோம். இப்படியே வண்டி பாம்பு மாதிரி போகும்.

அந்த ஜீப்பில் உண்மையான கோளாறு பாக்ஸுக்குள் இல்லவே இல்லை. பாக்ஸைச் சேஸியோடு பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்து, முழு பாக்ஸுமே அசைந்துகொண்டிருந்தது. என் குருநாதர் குனிந்து பார்த்த மாத்திரத்தில் காட்டினார். போல்ட் தலையைச் சுற்றிக் குங்குமம் பூசின மாதிரி துருப்பொடி, அதன் ஓரத்தில் மட்டும் இரும்பு உரசி வெள்ளி மாதிரி மின்னியது. பழைய துரு கறுப்பாகக் கிடக்கும். சிவந்த பொடியும் பளபளப்பும் சேர்ந்து இருந்தால் அங்கே இரண்டு இரும்பு இன்றைக்கும் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே முதல் கடிதத்தில் சொன்ன தொட்டில் ஆட்டத்தையே செய்யுங்கள். பாக்ஸுக்குள் போகிற கம்பி அசைகிறது, கீழே பாக்ஸிலிருந்து வெளியே வருகிற ஆர்ம் அசையவில்லை என்றால்தான் பாக்ஸைக் குறை சொல்லலாம். ஆர்மும் அசைந்து, சக்கரம் மட்டும் அசையாவிட்டால் ஆர்மிலிருந்து சக்கரப் பக்கம் போகிற டிராக் லிங்க், டை ராடு எண்டுகள்தான் குற்றவாளி. பாக்ஸே அசைந்தால் போல்ட். போல்ட் இறுக்கமாகவே இருந்தும் அசைந்தால் சேஸியில் வெடிப்பு இருக்கலாம், துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முன் ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கிற யு போல்ட்டையும், பட்டையின் முனையில் இருக்கிற ஷாக்கிள் புஷ்ஷையும் விட்டுவிடாதீர்கள். ஆக்சிலே நகர்ந்தால் ஸ்டீயரிங் என்ன செய்யும், பாவம்.

கார் ஓட்டுவது நான்தான். ஆனால் மெக்கானிக்கிடம் போனால் "ஒண்ணும் இல்லம்மா, பழைய வண்டி அப்படித்தான்" என்று அனுப்பிவிடுகிறார். எப்படிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்?
— வாசகி, பாலக்கோடு

தங்கச்சி, எங்கள் ஆட்களில் அப்படிச் சிலர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் தப்பித்துக்கொள்ள வழி கிடைத்துவிடும். உங்கள் கைக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி உடனே கேட்காமல் கொஞ்ச தூரம் சும்மா போனால் அது ஆட்டம், ஏதோ ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. கையில் ஆட்டமே இல்லை, ஆனாலும் வண்டி தன்பாட்டுக்கு இரு பக்கமும் போனால் அது அலைதல். டயர், காற்று, புஷ், சக்கரக் கோணம் என்று தேட வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் போனால் இழுத்தல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கை நடுங்கி, அதைத் தாண்டினால் நின்றால் பெரும்பாலும் வீல் பேலன்ஸ் அல்லது நெளிந்த ரிம்.

எந்த வேகத்தில், பிரேக் பிடித்தாலா பிடிக்காமலா, ஆள் ஏறினாலா தனியாகவா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல், "உங்களையே பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுகிறேன், வாங்க அண்ணா" என்று சாவியை எடுங்கள். அதற்கு மறுப்பு சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விட வேண்டியதில்லை.

கை எடுத்தால் கார் இடது பக்கம் போகிறது. அலைன்மெண்ட் சரியாக இருக்கிறதாம்.
— வாசகர், ஓசூர்

மழைத்தண்ணீர் வழியட்டும் என்று ரோட்டை ஓரத்துக்குச் சரிவாகத்தான் போடுகிறார்கள். நாம் இடது ஓரமாகப் போகிறவர்கள், ஆகவே லேசாக இடது பக்கம் இறங்குவது நோய் இல்லை. சட்டென்று இழுத்தால்தான் கவலை. முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (ஒரு பக்கமாகவே சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இதைச் செய்யக் கூடாது). இழுப்பு வலது பக்கம் மாறிவிட்டால் குற்றம் டயரில். மாறாவிட்டால், பிரேக் அதிகம் பிடிக்காமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, முன் சக்கரங்கள் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடது மட்டும் அனல் வீசினால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாம்பழ சீசனில் ஆம்னியில் கிரேட் ஏற்றி கிருஷ்ணகிரி மண்டிக்குப் போகிறேன். லோடு இருக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி இருக்கிறது, லாரி கடந்து போனால் வண்டி தள்ளாடுகிறது.
— வாசகர், சந்தூர்

கிரேட்டை எல்லாம் கடைசியில் அடுக்குகிறீர்கள், அதுதான். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டால் முன் டயருக்குத் தரையில் பிடிப்பு குறையும். ஆம்னி உயரமான பெட்டி வேறு, பக்கக் காற்றுக்கு அதற்கு ஆகவே ஆகாது. கனமானதை முன் சீட்டை ஒட்டி, தரையோடு அடுக்குங்கள். பின் டயருக்கு லோடுக்கு உரிய காற்று எவ்வளவு என்று கதவு ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ இருக்கும், அதைப் பிடியுங்கள். பின் ஸ்பிரிங் பட்டை படுத்துவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். இருபது கிரேட்டை இரண்டு நடையாக அடித்தால் டீசல் கணக்கு உதைக்கும் என்பீர்கள். ஆம்னிக்கு ஏது டீசல், பெட்ரோல்தான். இன்னும் உதைக்கும். உங்கள் இஷ்டம்.

ஐயா, என் அம்பாசடர் 1992 மாடல். நேராக நன்றாகப் போகிறது. திருப்பினால் ஸ்டீயரிங் கல் மாதிரி, தானாகத் திரும்பியும் வருவதில்லை. பாக்ஸ் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பாகம் கிடைக்குமா?
— வாசகர், அரூர்

மாற்றச் சொன்னவர் உங்கள் வண்டிக்கு அடியில் போயிருக்க மாட்டார். பிரீமியர் பத்மினி காருக்குத்தான் பாக்ஸ். அம்பாசடருக்கு ரேக். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் மூன்று காரிலிருந்து வந்த வண்டி, அந்த அப்பனுக்கே ரேக்தான். 2014-இல் தயாரிப்பு நின்றாலும் பாகம் இன்னும் அங்கங்கே கிடைக்கிறது. ஆனால் வாங்கும் முன் ஒரு சோதனை.

முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, டை ராடுகளைச் சக்கரப் பக்கம் கழற்றிவிடுங்கள். இப்போது ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். இன்னும் கல் மாதிரி இருந்தால் குற்றம் ரேக்கிலோ ஸ்டீயரிங் கம்பியிலோ இருக்கிறது. பெரும்பாலும் யாரோ ஆட்டத்தைப் போக்குகிறேன் என்று பல்லை அழுத்துகிற பேடை அதிகமாக இறுக்கியிருப்பார்கள், பென்னாகரம் பக்கத்து ஜீப்பில் நான் செய்த அதே தப்பு. ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி போனால், இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகக் கையால் திருப்பிப் பாருங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ அந்தப் பக்கம் சக்கரம் எந்த இரும்பு முளையில் திரும்புகிறதோ அது கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டது. அங்கே கிரீஸ் நிப்பிள் இருக்கும், மண் அப்பி மூடியிருக்கும். டீசலில் கழுவி, கிரீஸ் கன்னை வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து புதியது எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். இப்போதைய பையன்களுக்கு நிப்பிள் என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை, அவர்கள் பார்க்கிற வண்டிகளில் அது இல்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

டயர் மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். முன்னால் ஒன்று ரேடியல், ஒன்று பழைய நைலான் என்று போட்டிருந்தால் அந்த வண்டியை நான் தொடவே மாட்டேன், முதலில் ஜோடி சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்பேன்.

டை ராடு எண்டு போய்விட்டது, ரப்பர் கிழிந்து ஆடுகிறது என்று மெக்கானிக் காட்டினார். வெள்ளிக்கிழமை சேலத்தில் கல்யாணம். மெதுவாகப் போய்விட்டு வந்து மாற்றிக்கொள்ளலாமா?
— வாசகர், காரிமங்கலம்

கூடாது. டை ராடு எண்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிற குண்டு. ரப்பர் கிழிந்தால் கிரீஸ் போகும், மண் சேரும், கிண்ணம் தேயும். ஒரு நாள் பள்ளத்தில் விழும்போது குண்டு வெளியே வந்துவிடும். அதற்கு அப்புறம் ஒரு சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்கும், மற்றது கேட்காது. மெதுவாகப் போனாலும் அதேதான். அதுவும் நீங்கள் போகிற வழி தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் முழுக்க இறக்கம், முன்னாலும் பின்னாலும் லோடு லாரி. அங்கே நல்ல வண்டிக்காரனே கையைப் பிசைந்துகொண்டுதான் இறங்குகிறான்.

எண்டு மாற்ற அரை நாள் வேலைகூட இல்லை. வியாழக்கிழமை காலையிலேயே வண்டியை விட்டால் சாயங்காலம் அலைன்மெண்டோடு கைக்கு வந்துவிடும். மாற்றின பிறகு நட்டின் ஓட்டையில் ஸ்ப்ளிட் பின் போட்டு மடக்கியிருக்கிறாரா என்று நீங்களே குனிந்து பாருங்கள், பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட்டிருந்தால் புதியது கேளுங்கள். வியாழக்கிழமை முடியாவிட்டால் தர்மபுரி வந்து சேலம் பஸ் ஏறிவிடுங்கள்.